ஒரே சொல்லுக்கு இரண்டு மணி நேரம்: வெள்ளவத்தை ஆங்கில வகுப்பு

கொழும்பு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பும் தட்டச்சும் என் வேலை. மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றில் வந்த 'குவொஷ்' (quash) என்ற வினைச்சொல்லுக்கு, அகராதியின் முதல் பொருளை நம்பி, கட்டளையை 'அடக்கியது' என்று எழுதிவிட்டேன். கட்சிக்காரர் படித்துவிட்டு, "அப்ப அந்தக் கட்டளை இன்னும் இருக்குதா தம்பி?" என்று கேட்டார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. அந்தக் கிழமையே இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டு மாடி. சனிக்கிழமை பின்னேரம் 4 முதல் 6 வரை. மாதம் 4,000 ரூபா.

நான் கேட்ட சொல்லையே மிஸ் அன்றைய பாடமாக்கினார். பலகையில் தும்மல், சிரிப்பு, கலகம், கட்டளை என்று எழுதி, "தமிழில் எதை எதை அடக்கலாம்?" என்றார். முதல் மூன்றையும் அடக்கலாம், கட்டளையை முடியாது. ஆங்கிலத்தில் தும்மலுக்கும் சிரிப்புக்கும் 'ஸ்டைஃபிள்', 'சப்ரெஸ்'. கலகத்துக்கு 'குவெல்' வரும், 'குவொஷ்' என்றாலும் பிழையில்லை. வதந்திக்கு முற்றுப்புள்ளி வைப்பதற்கும் 'குவொஷ்' பொருந்தும். ஆனால் நீதிமன்றம் ஒரு கட்டளையை 'குவொஷ்' பண்ணினால் அது ரத்து, இனிச் செல்லாது. லத்தீனில் வெறிதாக்குவதற்கு ஒரு சொல், உடைத்து நொறுக்குவதற்கு இன்னொன்று. இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே உருவத்துக்குள் வந்து சேர்ந்ததால்தான் இந்தக் குழப்பமாம்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு மறக்காது. 'கட்டளை' என்ற சொல்லை உள்ளங்கையால் மூடி, "இது தடையுத்தரவு, தற்காலிக நிறுத்தம்தான்" என்றார். கையை எடுத்தார், சொல் அப்படியே இருந்தது. பிறகு டஸ்டரால் ஒரே இழுவையில் அழித்துவிட்டு, "இது குவொஷ்" என்றார். சோக்குத்தூள் அவர் சேலைத் தலைப்பில் கொட்டியது. எட்டு வருடமாக எழுத்தாணை (ரிட்) மனுக்களைத் தட்டச்சு செய்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

குறைகளும் உண்டு. இருபது பேருக்கு ஒரே மின்விசிறி. கீழே ரயில் போகும்போது உச்சரிப்பு ஒன்றும் காதில் விழாது. குறிப்புத்தாள் தரமாட்டார்கள், எல்லாம் நாங்களே எழுத வேண்டும். பரீட்சைக்குக் கடைசி மாதத்தில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு இந்த நிதானம் சரிவராது. வேலைத்தலத்தில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுபவர்கள் தயங்காமல் சேரலாம். 3.30க்கே போனால் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும்.