பேஸ் கிட்டார்ல கீ மாத்தக் கொடுத்தேன், ஹெட்ஸ்டாக்கையே குடைஞ்சு கொடுத்துட்டாங்க

மக்களே, சென்னையில பேஸ் வாசிக்கிறவங்க, முக்கியமா சர்ச் குவயர்ல வாசிக்கிற தம்பி தங்கச்சிங்க இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. கடை பேரை நான் போடப் போறதில்ல, ஆனா நடந்தது இதுதான்.

என்கிட்ட இருக்கிறது ஸ்க்வையர் ஜாஸ் பேஸ், நாலு கம்பி, ரெண்டு வருஷம் சம்பளத்துல எடுத்து வச்சு வாங்கினது. தீபாவளிக்கு முன்னாடி ஷேர் ஆட்டோல இருந்து இறங்கறப்போ பேக்கோட கீழ விழுந்து இ ஸ்ட்ரிங் கீயோட (கிட்டாரோட தலைப்பக்கம், அதாவது ஹெட்ஸ்டாக்ல, கம்பியை முறுக்கி சுருதி சேர்க்கிற திருகாணி) தண்டு வளைஞ்சிடுச்சு. திருப்பினா பாதி சுத்து லூசா போகும், பாதி சுத்து கையே வலிக்கிற மாதிரி இறுகும். மத்த மூணு கீயும் நல்லாத்தான் இருந்துச்சு.

ரிப்பேர் கடைக்காரர் பாத்துட்டு, "ஒரு கீ மட்டும் கிடைக்காது தம்பி, செட்டாதான் மாத்தணும், ஜப்பான் கோட்டோ கம்பெனி கீ போட்டுத் தரேன், அப்படியே உக்காந்துடும்"னார். செட்டுக்கு 6,500, கூலி 800. கிறிஸ்துமஸ் கேரல் ப்ராக்டிஸ் ஆரம்பிக்கப் போகுதே, சீக்கிரம் வேணும்னு 5,000 அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்தேன். ரெண்டு நாள்ல வாங்கன்னவர் மூணு வாரம் இழுத்தார், போன் பண்ணா "நாளைக்கு"ங்கறதுதான் பதில்.

வாங்கிட்டு வந்து வீட்ல வெளிச்சத்துல வச்சுப் பாத்தா வயிறு கலங்கிடுச்சு. கீ வர்ற ஓட்டை நாலையும் கை ட்ரில்லால பெருசாக்கியிருக்காங்க, முன்பக்கம் ஓட்டையைச் சுத்தி வார்னிஷ் சில்லு சில்லா பேந்திருக்கு, டி ஓட்டை சாய்ஞ்சே போயிருக்கு, அதனால அந்தக் கீயோட தண்டு மத்ததோட வரிசையில நிக்கல. பின்னாடி பழைய ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் அப்படியே தெரியுது, அதுக்குப் பக்கத்துலயே புது ஸ்க்ரூ, அதுல ஒண்ணு தலை ஒடிஞ்சு, மீதி மரத்துக்குள்ளயே மாட்டிக்கிச்சு. ஹெட்ஸ்டாக் மேப்பிள், கெட்டியான மரம், சின்ன ட்ரில் பிட்டால முதல்ல ஒரு வழி போட்டுட்டு, ஸ்க்ரூ மேல கொஞ்சம் சோப்பு தடவி முடுக்கணும், அந்த அஞ்சு நிமிஷ வேலையைக்கூட செய்யல. கீ மேல கோட்டோங்கற பேர் எங்கயும் இல்ல, பில்லுல "பேஸ் கீ செட்"னு மட்டும் எழுதியிருக்கு, பாக்ஸ் எங்கன்னு கேட்டா தூக்கிப் போட்டாச்சாம்.

கம்பி மாட்டினதும் அப்படித்தான். பேஸ் கீயோட தண்டுல நடுவுல ஒரு குழி இருக்கும், கம்பி நுனியை அதுக்குள்ள விட்டு மடக்கி, ரெண்டு மூணு சுத்து மேல இருந்து கீழ இறங்கற மாதிரி சுத்தணும், அப்பதான் கம்பி நட்டு மேல (ஹெட்ஸ்டாக் ஆரம்பிக்கிற இடத்துல கம்பி உக்கார்ற, பள்ளம் போட்ட சின்னக் கட்டை) நல்லா அழுந்தி உக்காரும். அதுக்குத் தேவையான நீளம் விட்டுட்டுத்தான் வெட்டணும். இவங்க இ கம்பியை ஒட்ட வெட்டிட்டாங்க, ஒரே ஒரு சுத்து, அதுவும் தண்டோட மேல் முனையில. ஓப்பன் இ அடிச்சா நட்டுகிட்ட இருந்து கொரகொரன்னு ஒரு சத்தம். புதுக் கீ வேற வெயிட்டு அதிகம், ஸ்ட்ராப் போட்டுட்டு இடது கையை எடுத்தா நெக் தரையைப் பாத்து இறங்குது, ரெண்டு மணி நேர ப்ராக்டிஸ் முடிஞ்சா தோள்பட்டை போயிடும்.

திரும்பப் போய்க் கேட்டேன். "எல்லா பேஸுக்கும் இப்படித்தான் தம்பி, ஓட்டையைப் பெருசாக்காம புதுக் கீ ஏறாது"ங்கறார். இது சுத்தப் பொய். நண்பன்கிட்ட இதே மாடல் இருக்கு, அதுல கீயைக் கழட்டி ஓட்டையை வெர்னியர் வச்சு அளந்தோம், 14.3 மில்லிமீட்டர். எனக்குக் குடைஞ்சிருக்கிறது 17.5. சின்ன ஓட்டைக்கு ஏத்த செட் கடையில தாராளமா கிடைக்குது, அவர் கையில இருந்தது பெரிய செட், அதைத் தள்ளிவிட என் மரத்தைக் குடைஞ்சிட்டார். கேக்காம செஞ்சதுதான் எனக்கு இன்னும் ஆறல. சின்னதைப் பெருசாக்க அஞ்சு நிமிஷம், பெருசானதைச் சின்னதாக்கறது எவ்வளவு பாடுன்னு அப்புறம்தான் பாத்தேன்.

வேற ஒரு அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன், அவர் கிட்டார் வேலை மட்டும்தான் பாக்கறவர். பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் மேப்பிள் கட்டையில உருண்டையா ஆப்பு செஞ்சு நாலு ஓட்டையையும் பசை போட்டு அடைச்சு, ஒரு நாள் காய விட்டு, நிக்கிற ட்ரில் மெஷின்ல வச்சு நேரா 14.3க்குப் போட்டார். ஒடிஞ்ச ஸ்க்ரூவைச் சுத்தி மரத்தைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சு. கூலி 3,500, கீ தனி. ஆரம்பத்துலயே வந்திருந்தா பழைய பேஸ்ல இருந்து கழட்டின அதே மாதிரி கீ ஒண்ணை இ கம்பிக்கு மட்டும் போட்டிருப்பேன், ஐநூறு ரூபாயில முடிஞ்சிருக்கும்னார். கேட்டப்போ அழுகையே வந்துடுச்சு.

என் பழைய கீ? நல்லா இருந்த அந்த மூணையாவது கொடுங்கன்னு ரெண்டு தடவை போய்க் கேட்டேன், குப்பைக்குப் போயிடுச்சுன்னு சொல்லிட்டார். அதனால கொடுக்கறப்பவே பழைய பார்ட்ஸ் திரும்ப வேணும்னு பில்லுல எழுத வைங்க, புதுக் கீயை உங்க கண்ணு முன்னாடி ஓட்டையில வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஹெட்ஸ்டாக்கை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துட்டு அப்புறம் கொடுங்க. என்கிட்ட பழைய போட்டோ ஒண்ணுகூட இல்லாததாலதான் "வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு அவரால சொல்ல முடிஞ்சுது.

கேரலுக்குன்னு இப்போ யாராவது எங்கயாவது கீ மாத்தக் கொடுத்து வச்சிருந்தா, இன்னைக்கே போன் போட்டு என்னைக் கேக்காம ட்ரில்லைத் தொடாதீங்கன்னு சொல்லிடுங்க.