பன்னிரண்டு பேர் ஆபீஸுக்கு ஒரு ரூட்டர், இரண்டு ஸ்விட்ச்: எதில் காசு போடலாம், எதில் வேண்டாம்

ஆடிட்டர் ஆபீஸ், ஏற்றுமதி அலுவலகம், கூரியர் கிளை என்று பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் இடம் எதுவானாலும் நெட்வொர்க் ஏறக்குறைய ஒரே ஜாடைதான். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன வைஃபை பெட்டி ஒன்று. அதன் போர்ட் நிறைந்ததும் வாங்கிய எட்டு போர்ட் பிளாஸ்டிக் ஸ்விட்ச் ஒன்று. அதுவும் நிறைந்ததும் அதன் வாலில் இன்னொன்று. டாலி திறக்க நேரம் பிடிக்கிறது, பிரிண்டர் திடீரென்று ஆஃப்லைன் காட்டுகிறது, ஜிஎஸ்டி கடைசி நாளில் நெட் போகிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. திட்டு விழுவது மட்டும் இணைப்புக் கொடுத்தவருக்கு.

இந்த அளவு ஆபீஸுக்குத் தேறுகிற கூட்டணி இது: டிபி-லிங்க் இஆர்605 ரூட்டர், டிஎல்-எஸ்ஜி1016டி பதினாறு போர்ட் ஸ்விட்ச், கேமராக்களுக்கு மட்டும் டிஎல்-எஸ்ஜி1005பி. மூன்றும் சேர்ந்து பதினைந்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் வரும். விலை ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்விட்ச். இங்கே ஏமாற்றுவது ஒற்றை எழுத்து. டிஎல்-எஸ்எஃப் என்று தொடங்கினால் 100 எம்பிபிஎஸ், டிஎல்-எஸ்ஜி என்று தொடங்கினால் ஜிகாபிட். எல்எஸ்1008 வாங்கினால் 100, எல்எஸ்1008ஜி வாங்கினால் ஜிகாபிட். விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். 100 எம்பிபிஎஸ் லைனில் ஃபைல் நகர்வது நொடிக்கு 11, 12 எம்பி. நாலு ஜிபி பேக்கப் எடுக்க ஆறு நிமிடம். ஜிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால், அதே வேலை முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். டாலி டேட்டா இருக்கும் சர்வர் 100 போர்ட்டில் இருந்தால் அந்த 12 எம்பியைத்தான் பன்னிரண்டு பேரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

எஸ்ஜி1016டியில் விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது), மானிட்டரிங் என்று எதுவும் கிடையாது. கேபிளைச் சொருகினால் வேலை செய்யும், அவ்வளவே. இரும்புப் பெட்டி, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. அடாப்டர் வெளியே தொங்காமல் பவர் சப்ளை உள்ளேயே இருப்பது இதன் பெரிய நல்ல குணம். சின்ன ஸ்விட்ச்கள் செத்துப்போனதாகத் தூக்கியெறியப்படுவதில் பல உண்மையில் அடாப்டர் செத்தவைதான். குறையும் உண்டு: ஒரே கேபிளின் இரண்டு முனையையும் யாராவது இதே ஸ்விட்சில் சொருகிவிட்டால் லூப் ஆகி ஆபீஸ் மொத்தமும் நின்றுவிடும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

விலான் வேண்டும், கேமராவையும் விருந்தாளி வைஃபையையும் பிரிக்க வேண்டும் என்றால் டிஎல்-எஸ்ஜி108இ மாதிரி ஸ்மார்ட் ஸ்விட்ச் உண்டு. லூப்பைத் தடுக்கும், கேபிள் எங்கே அறுந்தது என்றும் ஓரளவு சொல்லும். ஆனால் பாஸ்வேர்டு மாற்றாமல், விலான் போடாமல், வெறும் ஸ்விட்சாகவே இதை ஓட்டும் ஆபீஸ்கள்தான் அதிகம். அதற்கு எஸ்ஜி108 போதும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சிஸ்கோ 2960 ஸ்விட்ச் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2960-24டிடி என்ற மாடலில் இருபத்துநான்கு போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான்; ஓரத்தில் இருக்கும் இரண்டு மட்டுமே ஜிகாபிட். பெயர் பெரிது, ஃபேன் சத்தம் அதைவிடப் பெரிது.

ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கியும் வேகம் ஏறவில்லையா? கேபிளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது, 4, 5, 7, 8-இல் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டால் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியைத் திறந்து ஸ்பீடு வரியைப் பாருங்கள். 1.0 ஜிபிபிஎஸ் இல்லாமல் 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும். சில நூறு ரூபாய் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிவதைப் பார்க்காமல் கேபிள் போட்டவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மலிவு விலை கேட்6 பெட்டியில் பாதி சிசிஏ, அதாவது செம்பு பூசிய அலுமினியம். உள் கம்பியின் பூச்சை பிளேடால் சுரண்டினால் வெள்ளை தெரியும்; நாலு தரம் மடக்கினால் ஒடிந்துவிடும். பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா இருட்டியதும் விட்டுவிட்டு வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் கம்பிதான். இரவில் ஐஆர் விளக்கு எரியும்போது கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கிறது, அலுமினியத்தில் வோல்டேஜ் விழுகிறது, கேமரா ரீஸ்டார்ட் ஆகிறது. ஸ்விட்சில் மிச்சம் பிடிப்பதைவிடக் கேபிளில் மிச்சம் பிடிப்பது மோசம்.

எஸ்ஜி1005பியில் ஐந்து போர்ட். நாலில் பிஓஇ வரும், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும்; ஐந்தாவது ரூட்டருக்கோ, கேமராப் பதிவுப் பெட்டியான என்விஆருக்கோ. புதிய வெர்ஷனில் மொத்தம் 65 வாட். சாதாரண நாலு புல்லட் கேமராவுக்குத் தாராளம். தரநிலைப்படி செய்த பிஓஇ ஸ்விட்ச், எதிரே இருப்பது பிஓஇ சாதனம்தானா என்று கேட்டுவிட்டுத்தான் கரண்ட் அனுப்பும். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளில் சில கேட்காமலே 48 வோல்ட்டைத் தள்ளிவிடும். தெரியாமல் லேப்டாப்பைச் சொருகினால் அதன் போர்ட் போய்விடலாம். பெட்டியில் 802.3 ஏஎஃப் அல்லது ஏடி என்று இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

இனி ரூட்டர். இஆர்605-இல் ஐந்து ஜிகாபிட் போர்ட். ஒன்று நிரந்தரமாக இணைய லைனுக்கு. இன்னும் சிலவற்றை இணையத்துக்கோ உள்ளுக்கோ மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வெர்ஷனில் 4ஜி டாங்கிள் சொருக யுஎஸ்பியும் உண்டு. வெர்ஷன் எண் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், பார்த்து வாங்குங்கள். எல்லா டாங்கிளையும் ஏற்காது, ஆதரவுப் பட்டியலில் இருப்பதை மட்டுமே ஏற்கும்.

இதை வாங்குவதற்கான காரணமே இரண்டு இணைய லைனை ஒரே பெட்டியில் கட்டுவதுதான். அதை அமைப்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். இரண்டு லைனையும் மாட்டி, போக்குவரத்தை இரண்டுக்கும் பங்கிடும் லோடு பேலன்ஸிங்கை மட்டும் ஆன் செய்துவிட்டால், ஒரே கம்ப்யூட்டரின் போக்குவரத்து இரண்டு ஐபியிலிருந்தும் (இணைய முகவரி) வெளியே போகும். பேங்க் தளம் அதைச் சந்தேகப்பட்டு லாகின் செய்தவரை வெளியே தள்ளிவிடும். அதே பக்கத்தில் அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரூட்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதையும் டிக் செய்யுங்கள். இன்னும் நிம்மதி வேண்டுமென்றால் பேலன்ஸிங்கே வேண்டாம், லிங்க் பேக்கப் வைத்து இரண்டாவது லைனைச் சும்மா காத்திருக்க விடுங்கள்.

அடுத்து ஆன்லைன் டிடெக்‌ஷன். தெருவில் ஃபைபர் அறுந்தாலும் சுவரில் இருக்கும் மோடம் உயிரோடுதான் இருக்கும். கேபிளில் லிங்க் இருப்பதால் லைன் நன்றாக இருப்பதாகவே ரூட்டர் நினைத்துக்கொள்ளும். வெளியே உள்ள ஒரு முகவரியை, உதாரணத்துக்கு 8.8.8.8-ஐ, பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று கேட்டு, பார்க்கும்படி அமைத்தால்தான் அடுத்த லைனுக்கு நேரத்துக்கு மாறும். அமைத்தபின் மோடமின் மஞ்சள் ஃபைபரை மெல்லக் கழற்றி, எத்தனை நொடியில் மாறுகிறது என்று சோதித்துவிடுங்கள். ஈதர்நெட்டைக் கழற்றிச் சோதிப்பது சோதனையே அல்ல.

இஆர்605-இன் உள் முகவரி 192.168.0.1. மோடமும் அதே வரிசையில் இருந்தால் மோதும், 192.168.50.1 மாதிரி தள்ளி வையுங்கள். பிரிண்டருக்கு அட்ரஸ் ரிசர்வேஷனில் ஒரே ஐபியைப் பூட்டிவிட்டால் அந்த ஆஃப்லைன் தொல்லை பெரும்பாலும் தீரும். வெளியிலிருந்து டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) பார்க்கப் போர்ட் திறக்கிறவர்கள் முதலில் வான் ஐபியை, அதாவது ரூட்டரின் இணையப் பக்க முகவரியை, பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் அது இணைப்புக் கொடுத்தவரின் உள் முகவரி, எந்த ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. நிலையான பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

இதில் வைஃபை கிடையாது. பழைய வைஃபை ரூட்டரையே ஆக்சஸ் பாயின்ட்டாக வைக்கலாம்: முதலில் அதன் ஐபியை 192.168.50.2 ஆக்குங்கள், பிறகு கம்ப்யூட்டர்களுக்கு ஐபி கொடுக்கும் டிஹெச்சிபியை அணையுங்கள், கடைசியில் கேபிளை வான் போர்ட்டில் அல்ல, லான் போர்ட்டில் சொருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது. எந்தப் பாதி என்பது தினமும் மாறும்.

மைக்ரோடிக் ஹெக்ஸ் இதே விலை வட்டாரத்தில் வருகிற லாட்வியச் சரக்கு. செய்ய முடியாதது என்று அதிகம் இல்லை, ஆனால் இரண்டு லைனைப் பங்குபோட விதிகளைக் கையால் எழுத வேண்டும். 2018-இல் அதை நிர்வகிக்கும் வின்பாக்ஸில் இருந்த ஓட்டை வழியாக உலகமெங்கும் ஏராளமான மைக்ரோடிக் பெட்டிகள் ஹேக்கர்கள் கைக்குப் போயின. காரணம், அப்டேட் வந்தும் போடாததும் நிர்வாகப் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்ததும். தெரிந்த ஆள் அருகில் இருந்தால் ஹெக்ஸ், இல்லாவிட்டால் இஆர்605.

கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் யுபிஎஸ் இருக்கும், ஸ்விட்சுக்கு இருக்காது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடும், சர்வரும் ஓடும், நடுவில் லைன் மட்டும் அறும். டாலி டேட்டா கெடுவது இப்படித்தான். மோடம், ரூட்டர், ஸ்விட்ச் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். அடாப்டர்களில் எந்தப் பெட்டிக்கு உரியது என்று மார்க்கரால் எழுதி ஒட்டுங்கள். 5, 9, 12 வோல்ட் மூன்றுக்கும் பின் ஒரே அளவில் வருவதுண்டு, மாற்றிச் சொருகினால் 5 வோல்ட் ஸ்விட்ச் அந்த நிமிடமே போய்விடும்.