நாகசந்திரா ஐகியாவும் நான் பொருத்திய அலமாரியும்

கரூரில் முப்பது வருஷம் துணி ஏற்றுமதி கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற ஆளாக, வேலை பார்த்தவன் நான். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் லேபிளைப் புரட்டிப் பார்ப்பேன். வேலையை விட்ட பிறகும் போகாத வியாதி அது. பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தபோது மருமகள், "புத்தக அலமாரி ஒண்ணு வேணுங்க மாமா, ஐகியா போலாம் வாங்க" என்றதும் கிளம்பிவிட்டேன். ஐகியா ஸ்வீடனில் பிறந்த வீட்டுச்சாமான் கம்பெனி.

நாகசந்திரா மெட்ரோ ஸ்டேஷனை ஒட்டியே கடை. 2022 ஜூனில் திறந்தது, 4,60,000 சதுர அடி. தரையில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதன்படி படுக்கையறை, கூடம், சமையலறை என்று ஜோடித்து வைத்த அறைகளைப் பிராகாரம் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கடை ஆட்களிடம் குறுக்கு வழி கேட்டுக்கொள்ளுங்கள், உண்டு.

2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் கடையைத் திறக்கும் முன் சுமார் ஆயிரம் வீடுகளுக்குப் போய், எப்படிச் சமைக்கிறோம், எங்கே தூங்குகிறோம் என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்தார்களாம். குழந்தைகளுக்கான ஸ்பூன் செட்டில் கத்தியை எடுத்துவிட்டார்கள். கையால் பிசைந்து சாப்பிடுகிற பிள்ளைக்குக் கத்தி எதற்கு?

சாப்பாட்டுக் கூடத்திலும் அதே கணக்குதான். ஸ்வீடனில் அவர்களுடைய கறி உருண்டை மாடும் பன்றியும் கலந்தது. இங்கே இரண்டுமே கிடையாது. கோழி உருண்டை, சைவ உருண்டை. தொட்டுக்கொள்ள ஒரு காட்டுப்பழ ஜாம். கோலா உருண்டைக்கு ஜாமா என்று மருமகள் சிரித்தாள். எனக்கு மிளகு இல்லாமல் இறங்கவில்லை. அது என் நாக்கின் குறை.

துணிப் பகுதியில்தான் அதிக நேரம் நின்றேன். கிச்சன் டவல் ஒன்றைப் புரட்டினால் 'மேட் இன் இந்தியா'. ஊர்ப்பெயர் போட மாட்டார்கள். கரூரா ஹரியானாவின் பானிப்பட்டா என்று நெசவைத் தடவித்தான் ஊகிக்க வேண்டும். இங்கே கடை போடுவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே கரூரில் சரக்கு எடுக்கிற கம்பெனி இது. 2012-ல் ஒரே பிராண்டை மட்டும் விற்கும் கடைகளுக்கு மத்திய அரசு நூறு சதவீத அன்னிய முதலீட்டை அனுமதித்தபோது, முப்பது சதவீதச் சரக்கை இங்கேயே வாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2019-ல் ஏற்றுமதிக்கு வாங்குவதையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆக, கப்பலேறும் டவலும் இந்தக் கடைக்குக் கணக்கில் உதவுகிறது.

நான் வேலை பார்த்த காலத்தில் எங்களிடம் சரக்கு வாங்குகிற ஸ்வீடன் பையர் ஒருவர் உண்டு. ஜூலை முழுக்கக் கோடை லீவு, ஒரு மெயிலுக்கும் பதில் வராது. ஆனால் பொங்கலுக்குத் தறி நாலு நாள் நின்றால் ஏன் என்று கேட்டு அவரிடமிருந்து மூன்று மெயில் வரும்.

அலமாரிக்கு வருகிறேன். வாங்கியது பில்லி என்ற மாடல், 1979-லிருந்து விற்கிறார்களாம். பாகம் பாகமாகத் தட்டையான அட்டைப் பெட்டிகளில்தான் தருவார்கள். 1956-ல் கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற அவர்களுடைய ஆள், காருக்குள் மேசை நுழையவில்லை என்று காலைக் கழற்றியதில் பிறந்த யோசனை இது. கன்டெய்னருக்கு சிபிஎம் (கன மீட்டர்) கணக்குப் போட்டவனுக்கு இதன் அருமை தெரியும்: காற்றுக்கும் சேர்த்துத்தான் கப்பல் வாடகை கட்டுகிறோம். ஸ்வீடனில் ஆசாரி கூலி அதிகம், அதனால் வாங்கியவரே பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறார். நம் ஊரில் ஒரு போன் போட்டால் ஆசாரி உளிப்பையோடு வந்துவிடுவார். அட்டைப் பெட்டியைக் கொடுத்து நீயே பூட்டிக்கொள் என்றால் யார் வாங்குவார்கள்? அதனால்தான் இங்கே தனிக் காசுக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பூட்டித் தருகிறார்கள்.

அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று திருகு முடுக்கும் ஆலன் கீயோடு நானே உட்கார்ந்தேன். எழுத்தே இல்லாத படப் புத்தகம், எந்த மொழிக்காரனுக்கும் புரியும். எனக்கும் புரிந்தது, முதுகுப் பலகையின் வெள்ளைப் பக்கம் முன்னால் தெரிய வேண்டும் என்பதைத் தவிர. இரண்டரை மணி நேரம் கழித்து நிமிர்த்திப் பார்த்தால் உள்ளே முழுக்க மர நிறம். "விடுங்க மாமா, புக்கு அடுக்கினா தெரியாது" என்றாள் மருமகள். ஐகியாவுக்கு ஐந்துக்கு நாலு மார்க் கொடுக்கிறேன். அலமாரி ஆடவில்லை. பூட்டும் ஆளுக்கான காசை மட்டும் கொடுத்துவிடுங்கள்.