பக்கவாதத்துக்குப் பிறகு: மறுவாழ்வு மையமா, வீடா?

ரத்த அடைப்பை நீக்கியாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் நாள் நெருங்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும்: மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதா, நேராக வீட்டுக்கு அழைத்துப் போவதா?

பக்கவாதத்துக்குப் பிந்தைய நிலையை மருத்துவர்கள் ராங்கின் அளவுகோலில் 0 முதல் 6 வரை குறிப்பார்கள். 2 வரை இருந்தால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். 3 என்றால் துணையில்லாமல் நடக்கலாம், ஆனால் சில வேலைகளுக்கு இன்னொருவர் கை வேண்டும். இத்தனை பாடும் பெரும்பாலும் 3-லிருந்து 2-க்கு வரும் இந்த ஒரு படியைக் கடக்கத்தான்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் தேவை, தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது என்றால் யோசிக்க வேண்டாம், மையம்தான். நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பது அப்போது பெரிய பலம்.

பாதிப்பு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் கதை வேறு. பயிற்சியாளர் குழு வீடு தேடி வரும் ஏற்பாட்டோடு சீக்கிரமே டிஸ்சார்ஜ் செய்வது, பிறரைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய இயந்திரங்கள் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 408 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த லீப்ஸ் ஆய்வில் (2011), உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கும் டிரெட்மில் பயிற்சியையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து தந்த பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் நடையில் வித்தியாசமே இல்லை.

ஆனால் வீடு என்றால் வீட்டார் மட்டும் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு (2017), குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி தரச் சொன்னது. ஆறு மாதத்தில் வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் இல்லை. குடும்பத்தின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. பயிற்சியைப் படிப்படியாகக் கடினமாக்கத் தெரிந்த ஒருவர் தொடர்ந்து வர வேண்டும் என்கிறேன்.

சட்டை போடுவதையே பாருங்கள். பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். ஒரு பொத்தானுக்கு மூன்று நிமிடம் ஆகும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மனசு கேட்காது, "விடுப்பா, நான் போட்டுவிடுறேன்" என்று கை நீண்டுவிடும். அந்த மூன்று நிமிடம்தான் அவருடைய பயிற்சி. மையத்தில் அதற்கென்று நேரம் ஒதுக்குகிறார்கள். வீட்டிலோ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் முதலில் பறிபோவது அதுதான்.

மூன்று மாதம் தாண்டினால் முன்னேற்றம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எக்ஸைட் ஆய்வில் (2006), பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கைக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்தார்கள். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு அசைந்த அவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நிலைத்திருந்தது.

அதனால் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: வீட்டுக்கு யார் வருவார், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம்? இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், பாதிப்பு லேசாக இருந்தாலும் நான் மையத்தையே தேர்ந்தெடுப்பேன்.