நெல் பணமும் வீட்டுக் கணக்கும்: ஏழு வருட அனுபவம்

2018 ஜூனில் வீட்டுக் கணக்கு எழுத ஆரம்பித்தேன், ஏழு வருடம் முடிந்துவிட்டது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை, வீட்டுக்காரர் விவசாயம் பார்க்கிறார். மாதச் சம்பளக்காரர்கள் எழுதும் கணக்கு முறை எங்களைப் போன்ற வீட்டுக்கு அப்படியே பொருந்தாது, அது புரியவே எனக்கு மூன்று வருடம் ஆனது.

முதலில் டைரி. அந்த வருடம் நவம்பர் 16 கஜா புயலில் ஓடு பறந்து, அலமாரியில் இருந்ததெல்லாம் நனைந்து, டைரியும் ஊறிப் போய்விட்டது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்க வேண்டிய மாதத்தில் எழுத்தே தெரியவில்லை.

அப்புறம் போனில் ஒரு செயலி. வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்குப் போடும் வகை. இரண்டு வருடம் பயன்படுத்தினேன். நகையை அடகு வைத்து வந்த பணத்தை வருமானம் என்று சேர்த்துக்கொண்டது. என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாற்றினால் செலவு என்றது. நடவு ஆட்களுக்குக் கையில் கொடுத்த கூலி அதில் வரவே வராது. தை, மாசியில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் மொத்தமாக ஏறினால் அந்த மாதம் பெரிய மிச்சம் காட்டும், அடுத்த மாதத்திலிருந்து தினமும் சிவப்பு எச்சரிக்கை. அந்தப் பணம் அடுத்த போகம் வரைக்கும் ஓட வேண்டியது என்று சொல்லிவைக்க அதில் இடமே இல்லை.

2021 ஜூனிலிருந்து கூகுள் ஷீட்ஸ்தான். எங்கள் கணக்கு வருடம் ஜூனில் தொடங்கி மே மாதம் முடியும், மேட்டூர் திறக்கிற ஜூன் 12-ஐ ஒட்டித்தான் இங்கே செலவே ஆரம்பிக்கிறது. வீடு ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம். வயல் பக்கத்தில் உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், அறுப்பு என்று தனித்தனி வரி. நெல் பணம் வந்த அன்றைக்கே கடனுக்கு உள்ளதையும் அடுத்த சாகுபடிக்கு வேண்டியதையும் ஒதுக்கிவிட்டு, மீதியை அடுத்த தை வரைக்கும் உள்ள மாதங்களுக்குப் பிரித்து என் சம்பளத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். அதுதான் மாதச் செலவுக்கு அளவு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இந்த முறையை விட மாட்டேன்.

தினமும் ராத்திரி சாப்பிட்டதும் எழுதிவிட வேண்டும். ஜிபே செய்தால் யாருக்குக் கொடுத்தோம் என்பது பதிவாகும், எதற்கு என்பது பதிவாகாது. மளிகைக் கடையில் 640 ரூபாய் என்றால் பாதி வீட்டுக்கு, பாதி நடவு ஆட்களின் டீ, பன்னுக்கு. மறுநாள் கேட்டால் எனக்கே நினைவிருக்காது. பால் கணக்கை மட்டும் அத்தை காலண்டரில் குறிப்பார், மாதக் கடைசியில் நான் ஏற்றிக்கொள்வேன். அதை மாற்றச் சொல்லவே இல்லை, ஒரு நாள்கூடத் தவறாத கணக்கு எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

வட்டிக்குத் தனி வரி போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அடகுக் கடையில் ரெண்டு வட்டிக்கு வாங்கிய 40,000 ரூபாய்க்கு மாதம் 800, ஏழு மாதத்தில் 5,600. நூற்றுக்கு ரெண்டு என்று வாயால் சொல்லும்போது சின்னதாகத் தெரிகிறது, வருடத்துக்கு 24 சதவீதம் அது. அதே வருடம் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடு தேதி தாண்டிக் கட்டியிருந்தோம். கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடன்! எழுதிப் பார்த்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது நெல் பணத்தில் முதலில் அடைவது அந்தக் கடன், தேதியை ஷீட்டின் முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். மூன்று வருடமாகத் தவறவில்லை.

மொய்க்கும் ஒரு பக்கம் உண்டு. என் பிறந்த வீடு பேராவூரணி பக்கம், ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும் ஊர்கள். வாங்கிய மொய் பரிசு கிடையாது, அவர்கள் வீட்டு விசேஷத்தில் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டியது. அதனால் அதைக் கடன் வரிசையில்தான் வைத்திருக்கிறேன். பத்திரிகை வந்ததும் பெயரைத் தேடினால் எவ்வளவு செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும், கடைசி நேரத்தில் கைமாற்று வாங்க ஓட வேண்டியதில்லை.

வயலில் நெட் கிடைக்காது என்பவர்கள் அந்த ஷீட்டை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே மாற்றிவையுங்கள்.

ஆரம்பத்தில் இவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. போன தையில் அறுப்பு மெஷின்காரர் ஆறு மணி நேரம் ஓடியதாகச் சொன்னபோது, வரப்பிலிருந்தே போன் செய்தார். "ஏம்மா, போன வருஷம் எத்தனை மணி நேரம் எழுதியிருக்க?" நாலேகால் என்றேன்.