குடியிருப்பவரோடு சேர்த்து வீட்டை விற்பது: பெங்களூரு நடைமுறை

அல்சூர், விவேக்நகர் பக்கம் பழைய வாடகை வீட்டை விற்கப்போனால் புரோக்கர் முதலில் சொல்வது, "ஆளைக் காலி பண்ணிட்டு வாங்க." அது கட்டாயமில்லை. லோன் போடாமல் முழுப் பணத்தோடு ('ரெடி கேஷ்') வருபவருக்குக் குடியிருப்பவரோடு சேர்த்தே, பெயின்ட்கூட அடிக்காமல் விற்கலாம். விலை கொஞ்சம் இறங்கும். பதிலுக்கு ரிப்பேர் செலவும், வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்களின் வாடகை இழப்பும் மிச்சம். பின்னால் தகராறு கிளம்புவது பெரும்பாலும் குடியிருப்பவர் கொடுத்து வைத்த அட்வான்ஸ் பணத்தில்தான்.

1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டப்படி வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது. வாங்கியவர் பழைய ஓனரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். அட்வான்ஸ் யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால், காலி செய்யும் நாளில் குடியிருந்தவர் விற்றவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார். அவர்மேல் தப்பில்லை, பணம் கொடுத்தது விற்றவரிடம்தானே. ஆகவே டோக்கன் (பேரம் முடிந்ததற்கு அடையாளமாக வாங்குபவர் தரும் முன்பணம்) வாங்குவதற்கு முன்பே மூன்று பேரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும்: அட்வான்ஸ் தொகை, வாடகை எந்த மாதம்வரை கட்டியாயிற்று, ஒப்பந்தம் முடியும் தேதி, இனி வாடகை போகும் கணக்கு, அட்வான்ஸைத் திருப்பித் தருவது வாங்குபவர் என்ற ஒரு வரி. மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் வாங்கிக்கொண்டு விட்ட 'லீஸ்' வீடானால் இந்தக் கடிதம் இல்லாமல் ஒரு அடிகூட நகரக்கூடாது.

விலை 80 லட்சம், அட்வான்ஸ் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் வீட்டுக்கு வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடிக்க வேண்டும்; 80,000 ரூபாய். பின்னால் வாங்குபவர் திருப்பித் தரப்போகும் அட்வான்ஸையும் கழித்தால் கைக்கு வருவது 76.70 லட்சம். ஆனால் பத்திரத்தில் 80 லட்சமே இருக்க வேண்டும். சிலர் அட்வான்ஸைக் கழித்து 77.5 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். டிடிஎஸ் கணக்கும் முத்திரைத்தாள் கணக்கும் இரண்டுமே அங்கே தப்பாகும். கழித்ததைப் பணம் கொடுத்த விவரத்தில் தனி வரியாகக் காட்டினால் போதும்.

'ரெடி கேஷ்' என்றால் நோட்டுக்கட்டு இல்லை. வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே விற்றவருக்கு அபராதம் வரும். டோக்கனும் பேங்க் வழியாகவே வரட்டும்.

பத்திரம் எழுதுபவரின் மாதிரியில் 'காலி நிலையில் ஒப்படைக்கப்பட்டது' என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். அதை அடித்துவிட்டு, குடியிருப்பவர் உள்ள நிலையில் என்று எழுதி ஒப்பந்தத் தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியதால் எல்லாம் மன்னிக்கப்படாது. வெளிப்பார்வைக்குத் தெரியாத பெரிய குறையோ சொத்துரிமையில் சிக்கலோ தெரிந்திருந்தால், சொல்லியாக வேண்டியது விற்பவர் கடமை. கூரை ஒழுகலைக் கடிதத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

இ-காத்தா (மாநகராட்சியின் சொத்துக் கணக்கில் வீடு யார் பெயரில் உள்ளது என்று காட்டும் மின்னணுச் சான்று) இல்லாமல் பதிவு நடக்காது, அதை முதலில் எடுங்கள். கூடவே சொத்து வரி ரசீதையும் பாருங்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வரி விகிதம் அதிகம். சொந்தக் குடியிருப்பு என்று குறைத்துக் கட்டியிருந்தால் வாங்குபவரின் வக்கீல் பிடித்துவிடுவார். வித்தியாசத்தை முன்பே கட்டிவிட்டால் பேரத்தில் அடிபட வேண்டாம்.

பதிவுக்குப் பிறகு இரண்டு வேலை. டிடிஎஸ் பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வாங்குபவர் கட்ட வேண்டும். உங்கள் பான் கணக்கில் அது ஏறியதா என்று பாருங்கள். பெஸ்காம் மின்சாரக் கணக்கும் காத்தாவும் புதிய பெயருக்கு மாறும்வரை ரசீதுகளின் நகலை வைத்திருங்கள்.