நிமோனியாவுக்குப் பிறகு வீடியோ காலில் பிசியோதெரபி: மூன்று வருட அனுபவம்

2021 மே மாதம், இரண்டாவது அலையில் எனக்குக் கொரோனா நிமோனியா. 18 நாள் ஆக்சிஜனில் இருந்துவிட்டு வீடு திரும்பினேன். குளியலறைக்குப் போய் வருவதற்குள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊரடங்கு நேரம், பிசியோதெரபிக்கு மதுரை வரை போய்வர வழியில்லை. அதனால் 12 வார வீடியோ கால் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம்.

தேவைப்பட்டது சுவரோரம் ஒரு ஸ்டூல், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டர், ஒரு போன். முதல் நாள் பாதி நேரம் போனை நிறுத்தி வைப்பதிலேயே போனது. முகம் தெரிந்தால் போதாது, கால் பாதமும் தெரிய வேண்டுமாம். கடைசியில் மகன் அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தான்.

போனில் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தர ஆரம்பித்தார்: "அம்மா, மூக்கால மெதுவா இழுங்க. எதிர்ல விளக்கு இருக்குன்னு நினைச்சுக்கோங்க. சுடர் ஆடணும், அணையக் கூடாது. உதட்டைக் குவிச்சு அப்படி ஊதுங்க." இரண்டு எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விட வேண்டும். அப்புறம் கையை ஊன்றாமல் ஸ்டூலிலிருந்து எழுந்து உட்காருவது. முதல் நாள் ஆறு தடவைதான் முடிந்தது. 96 காட்டிய ஆக்சிமீட்டர், நான் உட்கார்ந்து அரை நிமிடம் கழித்து 90க்கு இறங்கியது. "இன்னைக்கு இது போதும்" என்றார். எண் உடனே இறங்காது, கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தனியாகச் செய்திருந்தால் கழற்றி வைத்துவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கியிருப்பேன்.

என்னை வேலை வாங்குவார்கள் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். அவரோ என்னை அடக்கித்தான் வைத்தார். மூச்சிரைப்பு பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பார். மூன்று, நான்கு என்றால் சரி. அதற்கு மேல் போனால் ஓய்வு. நாலாவது வாரம் தெம்பு வந்துவிட்டது என்று துணி காயப்போட மொட்டை மாடி ஏறினேன். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவர் திட்டவில்லை. எண்ணிக்கையைப் பாதியாக்கி, மறுநாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கூட்டினார். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

குறைகளும் உண்டு. நெட்வொர்க் போனால் பயிற்சி நடுவிலேயே நின்றுவிடும். போன் வழியாக நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க முடியாது. சேரும் முன் டாக்டரை நேரில் பார்த்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிட நடைச் சோதனை எடுத்துக்கொண்டது நல்லதாய்ப் போயிற்று. அன்று 240 மீட்டர். 12 வாரம் முடிந்ததும் 390. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஆக்சிஜன் குறைவாகக் காட்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. இன்னொன்று, மருதாணி வைத்த விரலில் எனக்கு எண் சரியாக வரவில்லை. வேறு விரலில் மாட்டிப் பாருங்கள்.

ஸ்டூல் இன்னும் அதே சுவரோரம்தான் இருக்கிறது. போன மாதம் சளி பிடித்து மூச்சு இரைத்தது. பயிற்சியை நாலு நாள் நிறுத்திவிட்டு, ஐந்தாம் நாள் வழக்கமான எண்ணிக்கையில் பாதியிலிருந்து தொடங்கினேன்.